மஞ்சள் துணியும் ஒரு தட்டும்

சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர்களை ரிப்பேர் பார்க்க வருபவர் அவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். எந்தக் கோளாறானாலும் முதலில் மானிட்டரைத் துடைப்பார், அப்புறம் அதன் ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவார்.

வண்ண பிளாக்குகளை அடுக்கிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரில், பள்ளிக் கண்காட்சிக்கு முந்தின நாள், பிளாக்குகள் எல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. அவர் வந்து துடைத்தார், தட்டினார்.

"மானிட்டரு போச்சு டீச்சர். புதுசுதான் வாங்கணும்னு ஹெச்.எம்.ட்ட சொல்லுதேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, என் போனுக்கு அனுப்பி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மானிட்டரு போயிருந்தா என் போன்லயும் ஏன் அண்ணாச்சி கறுப்பாத் தெரியுது? கோளாறு சாஃப்ட்வேர்ல இருக்கு!"

அவர் போனை வாங்கினார். மஞ்சள் துணியால் பொறுமையாகத் துடைத்தார். ஓரத்தில் ஒரு தட்டு தட்டினார்.

"ஒங்க போனும் போச்சு டீச்சர்."

பல்லைக் கடித்துக்கொண்டு நானே கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்தேன். மானிட்டரில் பிளாக்குகள் பளிச்சென்று நிறத்தோடு வந்தன. போனில் அந்தப் பழைய படம் கறுப்பாகவே கிடந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கேலியா, நிஜமாகவே நம்பினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மானிட்டரு சரியாயிட்டு பாத்தீயளா? போனுக்குத்தான் ஒரு தட்டு பத்தல."