உருவப்பட்ட வகை அட்டைகள்

அந்த அட்டைகளை உருவியது நீர்தான். எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் தோணிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்த ஏஜென்சியில் மேனேஜராக இருந்த உம்மைத்தான் சொல்கிறேன். அன்றைக்கே சந்தேகப்பட்டேன். இன்றைக்கும் அது தீரவில்லை.

நான் உம்மிடம் புரோகிராம் எழுதிய ஆள். ஒரு தோணியில் எத்தனை உப்பு மூடை ஏற்றலாம் என்று கணக்கிட லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். அதில் எல்லாமே ஃபங்ஷன்தான். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைத் தரும். கொடுப்பது என்ன வகை என்று கேட்காது, எந்த எண்ணையும் விழுங்கும். உப்பில் அது ஆபத்து. உப்பளத்திலிருந்து நேராக வந்த ஈர உப்பையும், மாதக்கணக்கில் அம்பாரத்தில் காய்ந்த உப்பையும் ஒரே பெட்டியால் அளந்துதான் மூடை கட்டுவார்கள். மூடை பார்வைக்கு ஒன்றுதான். ஈர மூடைக்கு எடை கூடுதல்.

ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளைத்து, பெட்டியில் கட்டி ரயிலில் மெட்ராஸுக்கு அனுப்புவோம். எழுதியதை மெஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலர் அங்கே வாடகை மெஷினில் இருந்தது. அதில் கைவைக்க என்னால் முடியாது. அதனால் வகையை மொழிக்குள்ளேயே எழுதினேன். ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும், இது ஈர எடையை வாங்கும், இது காய்ந்த எடையை வாங்கும் என்று ஒரு வரி, மற்ற வரிகளைப் போலவே அடைப்புக்குறிக்குள். கணக்கு ஓடுவதற்கு முன்னால் இன்னொரு ஃபங்ஷன் அந்த வரிகளைப் படித்துப் பார்க்கும். வகை மோதினால் நிறுத்திவிடும். இரண்டு முறை நிறுத்தியது. இரண்டு முறையும் தப்பு நம் எடைப் பட்டியலில்தான். உமக்கு எரிச்சல். கணக்கே போடாத அட்டைக்கு எதற்கு மெஷின் நேரம் என்று கேட்டீர்.

மூன்றாம் முறை சரக்கு ஈர உப்பு. பட்டியலில் இருந்ததோ காய்ந்த மூடையின் எடை. ஆனால் தடங்கலே இல்லாமல் விடை வந்தது. எனக்கு உறுத்தியது. இருந்தும் விடை அச்சான தாளை எடுத்துக்கொண்டு தோணித்துறைக்குப் போனேன். பாதி ஏற்றியதுமே தோணியை ஓட்டும் தண்டல் நிறுத்திவிட்டார்.

"ஏலே, தோணி இப்பமே கழுத்து வர முங்கிட்டு. இன்னும் ஏத்தணும்னா சொல்லுதான் ஒங்க மெட்ராஸ்காரன்?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப அந்தத் தாள்லயே கொழும்புக்குப் போவச் சொல்லு."

கிண்டல் செய்துவிட்டு, என்னை நம்பி ஏற்றினார். துறைமுக வாயைத் தாண்டியதும் தோணிக்குள் தண்ணீர் ஏறியது. பாதி மூடைகளைக் கடலில் தள்ளிவிட்டு உயிரோடு திரும்பினார்கள். தண்டல்தான் தாளை மீறி ஏற்றினார் என்று தோணி முதலாளியிடம் சொன்னீர். தோணி அவர் கையை விட்டுப் போனது. பிறகு எந்த முதலாளியும் அவரிடம் தோணி கொடுக்கவில்லை.

அட்டைகள் இருந்த பெட்டி மெட்ராஸிலிருந்து ரயிலில் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் வரிசை எண் துளைத்திருந்தேன். வகை எழுதிய அட்டை ஒன்றுகூட இல்லை. சரிபார்க்கும் ஃபங்ஷனும் இல்லை. மற்ற எல்லாம் அப்படியே இருந்தன. வழியில் தொலைந்திருக்கும் என்றீர். தொலைகிற அட்டை இப்படிப் பொறுக்கியா தொலையும்? பெட்டியைக் கட்டி அனுப்பியது நீர்.

என் பங்கை நான் மறைக்கவில்லை. உறுத்தலோடு தாளை நீட்டியவன் நான். தண்டலின் வீட்டுக்கே போய் அதைச் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லி என்னலே, துறையில சொல்லு" என்றார். மற்ற தண்டல்மார் முன்னால் சொன்னேன். இவன் மேனேஜர் மேலுள்ள கோபத்தில் பேசுகிறான் என்று நினைத்து யாரும் நம்பவில்லை.

அந்தத் தண்டல் இப்போது உப்பு மூடைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் காவல் இருக்கிறார். ஊருக்குக் கம்ப்யூட்டர் கணக்கைக் கொண்டுவந்தவர் என்று உமக்கு மாலை போடுகிறார்கள். தோணித்துறைக்கு வாரும். எல்லாத் தண்டல்மாரும் கேட்க, அந்த மனுஷன் தாளை மீறினாரா இல்லையா என்று உம் வாயால் சொல்லும்.