தூமப்பரின் இடப்பக்கத்து நெற்றி

யட்சகானக் கூத்துக் கூட்டத்தில் அரக்க வேஷம் கட்டும் தூமப்பர், தன் முகத்தில் அடுத்தவர் கைபட விட்டவரே இல்லை. அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துக் கண்ணைச் சுற்றி முள்முள்ளாக வைத்துக்கொண்டு மேடையேறினால், கின்னிகோளி ஊர்ப் பிள்ளைகள் தாய்மடியில் முகம் புதைக்கும். வீட்டில் ஒரு கரப்பானைக் கண்டால் மட்டும் பெண்டாட்டி வாரிஜாவைக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட அரக்கர்.

ஒரு வருஷம் அவருக்கு இடப்பக்க நெற்றி எரிந்தது. சீப்பு பட்டாலே சுரீரென்றது. மறுநாள் இடது புருவத்துக்கு மேலே நீர் கோத்த கொப்புளங்கள், கொத்துக் கொத்தாய். புதுச் சாயம் விற்ற கடைக்காரனைத்தான் திட்டினார். பழைய சாயத்துக்கு மாறினால் தீரும் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிட்டார். வாரக் கடைசியில் ஊர்க்கோயில் ஆட்டம், மகிஷன் வேஷம் அவருக்கு. விடுவாரா மனுஷன்?

பக்கத்து வீட்டுப் பெண் அப்பி வந்து பார்த்தாள். இது சர்ப்பசுத்து, நாகத்தின் சாபம் என்றாள்; கொப்புளம் சுற்றி வந்து தலையும் வாலும் சேருமுன்னே செம்மண் குழைத்துப் பூசச் சொன்னாள். பூசுவதென்றால் தூமப்பருக்குக் கசக்குமா? கிண்ணத்தை எடுத்துவிட்டார்.

கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த வாரிஜா வந்து நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"சாயம் ரெண்டு பக்கமுந்தானே பூசுறீங்க?"

"பின்னே, பாதி மூஞ்சியோடயா ஆடுவேன்?"

"அப்போ வலது பக்கம் ஏன் சும்மா இருக்கு? நடுவுல கோடு கிழிச்சாப்புல நின்னுருக்கே."

தூமப்பர் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம் முளைத்திருந்தது. இடக்கண் சிவந்து நீர் வடிந்தது. வாரிஜா கிண்ணத்தைப் பிடுங்கி வைத்தாள்.

"கண்ணு போச்சுன்னா அரக்கனும் தடவித் தடவித்தான் நடக்கணும், மகராசரே. சட்டையைப் போடுங்க."

டாக்டர் பார்த்ததும் அக்கி என்றார். சின்ன வயதில் வந்த சின்னம்மை நரம்புக்குள் பதுங்கிக் கிடந்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து அந்த நரம்பு போகும் வழியே கிளம்புமாம். அதனால்தான் ஒரு பக்கம். சாபமும் இல்லை, சாயமும் இல்லை. கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்லது, தாமதிக்காமல் வந்தீர்களே என்றார். மூக்கு நுனிக்கு வந்தது கண்ணுக்கும் போகலாம் என்று அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்பினார். பொருக்குத் தட்டும்வரை பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தை பக்கம் போகக் கூடாது, முகத்தில் எதுவும் பூசக் கூடாது என்றும் சொன்னார்.

அந்தக் கடைசிச் சொல்தான் அவரை அடித்துப் போட்டது. வேறொருவர் மகிஷனாக ஆடினார்.

தினமும் காலையில் வாரிஜா அவருடைய வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, கிணற்றடியில் என்ன தெரிகிறது என்று கேட்பாள். முதலில் ஏதோ அசைவதாக மட்டும் சொன்னார். பிறகு ஒரு நாள், கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்த பின்னே, தெளிவாகச் சொன்னார்.

"உங்கக்கா வர்றா. நான் தூங்குறேன்னு சொல்லிடு."

நெற்றி வலி மழைக்காலம் வரை இருந்தது. அதற்கென்ன, கண் பிழைத்ததே, வலி இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் வாரிஜா. அன்றைக்கு அக்காவுக்குக் கதவைத் திறக்கப் போகும்போது அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.