அப்படி யாரும் இங்கே இல்லை

இந்த வாரம் எங்கள் வீட்டில் கறுப்புக் கோப்பிதான். பால்காரர் வீராசாமி செவ்வாய்க்கிழமையோடு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையை விட்டுப் போய்விட்டார். ஏன் போனார் என்று சொன்னால் எங்கள் தெருவின் மீதே உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் வந்திருக்கிறது.

எங்கள் வரிசைக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி, பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக ஒரு வீடு. வீராசாமியும் அவர் மனைவி பாக்கியமும் அதில்தான் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு கொட்டகை, இரண்டு பசுக்கள். நான் இங்கே குடிவந்த நாள் முதல் அவர் பால்தான். தண்ணீர் கலப்பார், கலக்கமாட்டார் என்று பொய் சொல்லவில்லை... ஆனால் மனசாட்சியோடு கலப்பார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை. நான் ஆபீசுக்குப் போயிருந்தேன். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையில் காகிதக் கட்டோடு தெருவுக்குள் வந்திருக்கிறார். கூடவே ஒரு பியூன்.

காக்கியைக் கண்டால் எங்கள் தெரு என்ன செய்யும் தெரியுமா? பேச்சு நின்றுவிடும். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர், அல்லது அவர்களுடைய தகப்பன்மார், ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சொல்லிக்கொள்ளாமல் ஓடி வந்தவர்கள். அந்தக் காலத்தில் ஆளைத் தேடிக்கொண்டு கங்காணி வருவான், போலீஸ் வரும். யார் பெயரைக் கேட்டாலும் தெரு முழுக்க ஒரே பதில் – அப்படி யாரும் இங்கே இல்லை. எத்தனையோ பேரை அந்தப் பதில் காப்பாற்றியிருக்கிறது. இப்போது கங்காணி வருவதில்லை. பதில் மட்டும் நாக்கிலேயே தங்கிவிட்டது.

என் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். காக்கிச் சட்டைக்காரர் நல்ல தமிழில் கேட்டிருக்கிறார்.

"வீராசாமி வீடு எதும்மா?"

"எந்த வீராசாமி? அப்படி யாரும் இங்க இல்லைங்களே."

"பின்னால ஒரு வீடு தெரியுதே, அதுல யாரு இருக்கா?"

"அது மாட்டுக் கொட்டாய்ங்க. ஆளு யாரும் கிடையாது."

அடுத்த வீட்டிலும் இதே பதில். எதிர் வீட்டிலும் இதே. யாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வீராசாமியோ கொட்டகையில் பசுவுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பசு மட்டும் ஒருமுறை கத்தியதாம்.

சாயங்காலம் என் மனைவி இதைப் பெருமையோடு சொன்னாள். வீராசாமி நன்றிக்காகக் கொண்டுவந்த பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கு வந்தாங்கன்னு கேட்டியா?" என்றேன்.

"நல்ல சேதி சொல்லவா காக்கிச் சட்டை வரும்?" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உங்களுக்கு?

போன வாரம் வீராசாமி வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை ஓரம் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "என்னான்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே." படித்தேன். ஆற்றோரமாக ரோடு வரப் போகிறது. அங்கே காலியாகக் கிடக்கும் கட்டடங்கள் இடிக்கப்படும்... காலியாக என்ற சொல்லை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரை நோட்டீஸ் ஒட்டிய சர்க்கார் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். தீபாவளிக்கு மட்டும் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அங்கே இருந்த கிளார்க் தமிழர்தான். நல்ல மனிதர். ஃபைலை எடுத்துப் பொறுமையாக விளக்கினார். அன்று வந்ததே குடியிருப்பவர்களின் பெயரை எழுதிக்கொள்ளத்தானாம். பெயர் கொடுத்தவர்களுக்கு வேறிடத்தில் மனை. ஆற்றோரம் மேலே இருந்த நாலைந்து குடும்பங்களுக்கு ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது.

"மாட்டு லைசென்சுல இவரு பேரு இருந்துச்சு. அதனாலதான் தேடி வந்தோம். மூணு வீட்ல கேட்டோம் சார். முன் வீட்டு அம்மாவே ஆளு இல்லைன்னு சொன்னாங்க."

"அந்த அம்மா என் சம்சாரம்தான். பயத்துல சொல்லிட்டா."

கிளார்க் பெருமூச்சு விட்டார். "ஆளில்லைன்னு எழுதி, தொரை கையெழுத்தும் ஆயிடுச்சு. இப்ப வந்து இருக்காருங்கிறீங்க. மனை கிடைக்குதுன்னா யாரு வேணும்னாலும் இருக்கேன்னு வருவாங்களே. நான் எதை நம்புறது?"

வீராசாமி ஓரடி முன்னால் வந்தார். "ஐயா, நான்தான் வீராசாமி."

கிளார்க் அவரைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். இந்த முறை ஒரு ஜன்னலும் சாத்தப்படவில்லை. தெருவே பின்னால் திரண்டது. "இங்கதான் இருக்காருங்க, வருசக்கணக்கா இருக்காருங்க" என்று என் மனைவி அழுதாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வேலையாட்களின் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு உத்தரவு மட்டும்தாம்மா தெரியும்" என்றார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பாக்கியத்தின் தம்பி இருக்கிறான். அங்கே ஒரு மாட்டைக் கட்டத்தான் இடம் உண்டாம். இன்னொன்றை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அங்கே யாருக்குப் பால் ஊற்றுவார், எத்தனை நாளைக்கு மைத்துனன் சோறு போடுவான்... நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

"மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்றாள் என் மனைவி.

"விடுங்கம்மா. எங்க மேல உள்ள அக்கறையிலதானே சொன்னீங்க."

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனிதர். அவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

வீராசாமி என்று ஓர் ஆளை இல்லாமல் ஆக்குவதற்கு சர்க்கார் ஒரு சிரமமும் படவில்லை – அந்த வேலையை நாங்களே, பாசத்தோடு, முடித்துக் கொடுத்திருந்தோம்.