குளித்ததாகச் சொன்ன அருவி

மழை விட்ட சாயங்காலங்களில் உத்தமபாளையத்தில் எந்த மொட்டைமாடியில் நின்று கிழக்கே பார்த்தாலும் மலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அருவி விழுந்திருச்சு என்பார்கள் ஊரில். கோடு தடித்திருந்தால் மேலே நல்ல மழை, நூலாக இருந்தால் தூறல் என்று அதை வைத்தே கணக்குப் பண்ணுவார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து கிடையாது. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் மலையேறுவார்கள். மற்றவர்களுக்கு மலை என்பது கீழேயிருந்து பார்த்துப் பேசுவதற்கு. நானும் அந்த ரகம்தான். ஆனால் ஒரு படி மேலே போய், ஏறியதாகவே சொல்லிவிட்டேன்.

கல்யாணமான மூன்றாம் நாள் அது. என் மனைவிக்கு ராமநாதபுரம் பக்கம். அவர்கள் ஊரில் உயரம் என்றால் கண்மாய்க் கரைதான். மாடியில் துணி எடுக்க வந்தவள் மலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அது என்னங்க, வெள்ளையா?”

“அருவி.”

“பக்கத்துல போயிருக்கீகளா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று நாள் மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. “போயிருக்கேனாவா? குளிச்சே இருக்கேன்,” என்றேன். அதோடு விட்டேனா? தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அதைத் தாண்டி ஒரு மணி நேரம் ஏறினால் உச்சி, அங்கே நின்றால் நம் வீட்டுத் தென்னை மரம்கூடத் தெரியும் என்று அளந்துகொண்டே போனேன்.

பிற்பாடு நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்தபோது ஒன்றைத் தெரிந்துகொண்டேன். சம்பவத்தை நிஜமாகப் பார்த்த சாட்சி தடுமாறுவான். பார்க்காதவன்தான் சட்டையின் நிறம் வரைக்கும் சொல்லுவான். அப்படிப்பட்ட சாட்சியத்தைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தத் தென்னை மரம் ஞாபகத்துக்கு வரும்.

“என்னையும் ஒருநா கூட்டிட்டுப் போறீகளா?” என்று அன்றைக்கே கேட்டாள். கூட்டிப் போகிறேன் என்றேன். அதன்பிறகு முப்பத்தோரு வருஷம் காரணம் சொன்னேன். மழைக்காலத்தில் அட்டை. மழை விட்டால் யானை. கோடையில் காட்டுத்தீ பயம், வனத்துறை விடமாட்டார்கள். பிள்ளை சின்னவள், பிள்ளைக்குப் பரீட்சை, பிள்ளைக்குக் கல்யாணம். எதுவும் பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு வசதியாக இருந்தது. அவளோ சொந்தக்காரர்கள் வந்தால் மாடிக்குக் கூட்டிப் போய், “அந்தா தெரியுதுல்ல, அங்கன இவுக குளிச்சிருக்காக,” என்று காட்டுவாள். நான் அந்த நேரம் பார்த்துக் கீழே ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அவளுடைய இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். மலைக்குப் போக வேண்டுமென்றால் இப்போதே போனால்தான் உண்டு என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். மகள் இணையத்தில் வனத்துறையின் அனுமதிச்சீட்டு வாங்கி அனுப்பினாள். எனக்குத் தப்பிக்க வழியில்லை.

கிளம்புகிற காலையில் அவள் நான்கு எவர்சில்வர் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வைத்தாள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் இரண்டைத் திருப்பி அடுப்படியிலேயே வைத்தேன்.

“மேலதான் அருவி இருக்கே. எதுக்கு வீண் பாரம்?”

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஏனென்றால் குளித்ததுதான் பொய்யே தவிர அருவி பொய் என்று நான் நினைக்கவில்லை. ஊரே பார்க்கிற அருவி அல்லவா?

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறித் தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் இறக்கிவிட்டது. வழிகாட்டியாக வனத்துறை அனுப்பியிருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும், எஸ்டேட்டிலேயே பிறந்தவள். எங்கள் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஆளுக்கு ஒரு பாட்டில்தானா சார்? மேல...”

“போதும் போதும். நமக்குத் தெரியாத மலையா?” என்று முடிக்கவிடாமல் நடக்க ஆரம்பித்தேன்.

முதல் ஒரு மணி நேரம் சோலைக்காட்டுக்குள் பாதை. வெயில் இறங்காத ஈரம், காலடியில் மெத்தென்று சருகு. என் மனைவி பத்தடிக்கு ஒருமுறை நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு மரத்தைத் தொட்டு, “உடம்பெல்லாம் பாசி பாருங்க,” என்றாள். செருப்புப் போடக் குனிவதற்கே முனகுகிறவள் சருகுக்குள் கிடந்த ஒரு காயை எடுக்கக் குனிந்தாள். ‘இதை இவளுக்கு இத்தனை வருஷம் காட்டாமல் விட்டேனே’ என்று முதல்முறையாக நெஞ்சில் தைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. “நீங்க வந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

காடு முடிந்து புல்மேடு வந்ததும் வெயில் தெரிந்தது. ஏற்றமும் கூடியது. வலது காலை ஊன்றும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்தாள். அவள் பாட்டில் தீர்ந்தது. பிறகு என்னுடையதும் தீர்ந்தது. புல் முடிந்து அகலமான ஒரு பாறை சரிவாகப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிற இடத்தில், இதற்கு மேல் உட்காராமல் முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். உச்சி தலைக்கு மேலே தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஏற வேண்டும்.

“தாயி, அருவி எங்கன இருக்கு?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். “இவுக சின்ன வயசுல குளிச்சிருக்காக. கொஞ்சம் தண்ணி குடிச்சா ஏறிருவேன்.”

“எந்த அருவிக்கா?”

“கீழ இருந்து வெள்ளையாத் தெரியுமே.”

அந்தப் பெண் எங்கள் காலடியைக் காட்டினாள். “நீங்க உக்காந்திருக்கீகளே, இந்தப் பாறைதான்க்கா அது. மழைல நனைஞ்சு சாயங்கால வெயில் பட்டா கீழ இருந்து பாக்கறவுகளுக்குத் தண்ணி விழுகுற மாதிரி பளபளன்னு தெரியும். கீழ இருந்து வர்றவுக எல்லாரும் இதைத்தான் கேக்குறாக.”

நான் பாறையைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, கைவைத்தால் சுடுகிற அளவுக்குக் காய்ந்து கிடந்தது. எங்கள் ஊர் மொத்தமும் தலைமுறை தலைமுறையாக அருவி என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அதில் குளித்த ஒரே ஆள் நான்.

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. “சார் வந்த காலத்துல இருந்துச்சோ என்னமோ. இப்ப வத்திப் போயிருக்கலாம்,” என்று எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தாள். நல்ல மனது. ஆமாம், வற்றிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. வாய்வரைக்கும் வந்தது. அப்போதுதான் மனைவியின் உதடு காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்தேன்.

“நான் இங்க வந்ததே இல்ல,” என்றேன். “ஒரு தடவைகூட.”

வழிகாட்டிப் பெண் தன் தண்ணீரை அவளிடம் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். என் மனைவி இரண்டு மிடறு குடித்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்ப அட்டைன்னீக, ஆனைன்னீக, தீன்னீக. அம்புட்டும் இதுக்குத்தானா?”

நான் காலி பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“வரலேன்னு சொல்லியிருந்தா நான் என்ன சொல்லப் போறேன்? ரெண்டு பேரும் முதமுதல்ல ஒண்ணா வந்திருப்போம்ல. என் காலு நல்லா இருந்தப்பவே வந்திருப்போம்ல.”

பொய் சொன்னது அவளுக்குப் பெரிதாகவே படவில்லை. அதைக் காப்பாற்ற நான் செலவழித்த முப்பத்தோரு வருஷம்தான் வலித்தது. அது என்னுடையது மட்டும் அல்லவே. எனக்கு அழுகை வந்தது. வயதான காலத்தில் பாறைமேல் நின்று அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்று மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“மெதுவா உச்சிக்குப் போயிரலாம். நான் பிடிச்சுக்கிறேன்,” என்றேன்.

“முடியாதுங்க. இதுக்கு மேல என் கால் வராது,” என்றாள். அதில் கோபம் எதுவும் இல்லை. முடியாது, அவ்வளவுதான்.

கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வயலும் தோப்புமாக விரிந்து கிடந்தது. நம்ம ஊர் எது என்று கேட்டாள். நான் உற்று உற்றுப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த ஊரை எனக்கு மேலேயிருந்து அடையாளம் தெரியவில்லை. வழிகாட்டிப் பெண் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினாள். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கும்போது சரிவான இடங்களில் நான் கையை நீட்டினேன். அவள் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சோலைக்காட்டுக்குள் நுழைந்த பிறகு பாதை ஒடுங்கியதால் அந்தப் பெண் முன்னால் போக வேண்டியிருந்தது. ஒரு வேரில் கால் தடுக்கியபோது என் மனைவி என் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகு விடவும் இல்லை. கொஞ்ச தூரம் அப்படியே நடந்தோம்.

“இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும்?” என்றாள்.

“எனக்குத் தெரியாதும்மா.”

“ம்,” என்றாள். பிறகு முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு அதையே கேட்டாள்.