காக்கிச் சட்டைக்கு ஒரு கும்பிடு

கொடியில காயப்போட்ட சட்டைக்கு இடுப்ப வளைச்சுக் கும்பிடு போட்ட ஆளு நான். அப்ப மலாய் நாட்ட ஜப்பான்காரன் பிடிச்சு ஆண்ட காலம். காவல் நிக்கிற சிப்பாயப் பாத்தா சைக்கிள விட்டு இறங்கிக் குனியணும், இல்லன்னா அறை விழும். அந்த அறைன்னா எனக்கு அவ்வளவு பயம்.

அன்னிக்கு காஜா பேராங் பக்கம் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோட சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தேன். டயர் எங்கயும் கிடைக்கல; சக்கரத்துல ரப்பர் குழாயச் சுத்தி கம்பியால கட்டியிருந்தேன். ஒவ்வொரு குழியிலயும் பல்லு ஆடிச்சு. எதிர்க்காத்து வேற கண்ணு நிறைய மண்ண வாரிப் போட்டுச்சு. முனையில ஏதோ காக்கியா அசைஞ்சுது. சட்டுன்னு இறங்கி நல்லாக் குனிஞ்சேன். அது அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நானும் நிமிரவே இல்ல.

வேலிக்கு உள்ளேருந்து ஒரு அம்மா மலாய்ல கத்துச்சு: "அது என் புருஷன் சட்டை! சிப்பாய் உனக்குப் பின்னால, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான்!"

அதாவது சட்டைக்குத் தலையையும் சிப்பாய்க்குப் பின்பக்கத்தையும் காட்டிக்கிட்டு நின்னிருக்கேன். திரும்புறதுக்குள்ள அறை விழுந்துருச்சு. கிழங்கு மட்டும் தப்பிச்சுது.

வீங்குன கன்னத்துக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டே என் பொண்டாட்டி சொன்னா: "கண்ணு தெரியாத மனுஷனுக்குச் சைக்கிள் எதுக்கு? நாளைலேருந்து நடந்தே போங்க."