தப்பை ஒப்புக்கொள்ளாதீங்க, டாக்டர்!

வக்கீல் நந்தினி குறிப்பெழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். திருவண்ணாமலை நுகர்வோர் ஆணையத்தின் கூண்டில் நின்ற அவள் கட்சிக்காரி ரேணுகாம்பாளிடம், காப்பீட்டுக் கம்பெனி அமர்த்திய ஆஸ்பத்திரித் தரப்பு வக்கீல் தருமன் கேட்ட கேள்வி அப்படி.

"டாக்டர் வல்லரசு உங்க வூட்டுக்கு வந்தாராமே? தப்பு என்னுதுதான்னு அழுதாராமே, நெஜமாம்மா?"

தன் கட்சிக்காரரையே கவிழ்க்கிறாரே என்று பின்வரிசை முணுமுணுத்தது. நந்தினிக்குத் தெரியும், அது கண்ணி.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை போடும் குடும்பத்துப் பெண் அவள். சட்டம் படித்துவிட்டு, சென்னையில் மறுகாப்பீட்டு வழக்குகள் பார்த்தாள். காப்பீட்டுக் கம்பெனியே தன் நஷ்டத்துக்கு அஞ்சி இன்னொரு பெரிய கம்பெனியிடம் காப்பீடு எடுக்கும்; பெரிய கம்பெனி நிபந்தனைகளாக அடுக்கும். அவற்றில் ஒன்றை எழுதிக் கொடுத்தவளே நந்தினிதான். 'எங்களைக் கேட்காமல் டாக்டர் தானாகத் தவறை ஒப்புக்கொண்டால், இழப்பீடு தரமாட்டோம்.' பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை அந்த ஒற்றை வரி வெறுங்கையோடு அனுப்பியதைக் கண்ணால் கண்டபோது நெஞ்சு வெடித்து, வேலையை உதறிவிட்டு ஊர் வந்தாள். அதன்பின் நோயாளிகள் பக்கம் மட்டுமே நின்றாள்.

ரேணுகாம்பாளின் கணவன் மாறன் வேன் ஓட்டுகிறவன். குடல்வால் ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து போனான். அன்று பௌர்ணமி. மயக்க மருந்து டாக்டர் கிரிவலக் கூட்டத்தில் சிக்கிக்கொள்ள, காத்திருக்கப் பயந்த அறுவை டாக்டர் வல்லரசுவே ஊசியைப் போட்டார். நின்ற மூச்சு திரும்பியது; மாறனின் நினைவு திரும்பவில்லை. மயக்க மருந்து டாக்டர் உள்ளேதான் இருந்தார் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கம்பெனி சாதித்தது. இழப்பீடு வந்தால்தான் மாறனுக்கு வைத்தியம். ஆஸ்பத்திரியின் காப்பீட்டிலும் இருந்த அதே வரியைக் காட்டிக் கம்பெனி கைகழுவினால், நொடித்துப் போன அந்தச் சின்ன ஆஸ்பத்திரியால் எதுவும் தர முடியாது.

'ஆமாம் என்று சொல்லிவிடாதே தாயி!' நந்தினி மனசுக்குள் மன்றாடினாள்.

"வந்தாருங்க," என்றாள் ரேணுகாம்பாள். "எங்க வூட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சாரு."

"என்னா சொன்னாரு?"

"வூடு தேடி வந்து தண்ணி குடிச்சவரு பேசனத சபைல போட்டு ஒடைக்கறது எங்க வழக்கம் இல்லீங்க."

"புருஷன் படுத்த படுக்கையா கெடக்கறான். நியாயம் கேட்டு வந்துட்டு வாய மூடிக்கினா எப்படிம்மா?"

"அதுக்காக ஒருத்தர காட்டிக் குடுக்க முடியாதுங்க."

பின்வரிசையில் வல்லரசு எழுந்துவிட்டார். கண்ணீர் தாடையில் வழிந்தது. "ஐயா, நானே சொல்லிடறேன். தப்பு..."

"டாக்டர்! உக்காருங்க!" நந்தினி அலறினாள். "ஒரு வார்த்த பேசாதீங்க!"

தருமன் சிரித்தார். "என்னாம்மா நந்தினி, கட்சி மாறிட்டியா? சொல்லியிருந்தா மாலை வாங்கியாந்திருப்பேனே!"

அவள் ஆணையத் தலைவரை நோக்கிக் கைகூப்பினாள். "ஐயா, அவரு தானா எதுவும் சொல்ல வேணாம். கூண்டுல ஏத்துங்க. சத்தியம் பண்ணிட்டு, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்."

தருமனின் சிரிப்பு அணைந்தது. சத்தியத்தின் பேரில், கேட்ட கேள்விக்குச் சொல்லும் பதிலை அந்த நிபந்தனை தொடாது. எழுதியவளுக்குத் தெரியாதா?

"ஆட்சேபிக்கறேங்க!"

தலைவர் கையமர்த்தினார். வல்லரசு தள்ளாடிக் கூண்டேறினார்.

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல டாக்டர். மயக்க மருந்து டாக்டர் அப்ப எங்க இருந்தாரு?"

"அடி அண்ணாமலை கிட்ட. கூட்டத்துல."

"ஊசி போட்டது யாரு?"

வல்லரசு தன் வலது கையைப் பார்த்தார்.

"நான்தாங்க."

ரேணுகாம்பாள் முந்தானையில் முகம் புதைத்துக் குமுறினாள். அவளைப் பார்த்த வல்லரசுவின் கைகள் தாமாகக் குவிந்தன. 'தப்பு' என்ற சொல்லுக்காக உதடுகள் துடித்தன.

வேண்டாம் என்று நந்தினி தலையசைத்தாள். அவள் கண்களும் நிறைந்திருந்தன.

அந்தச் சொல்லை அவர் விழுங்கினார்.