திறந்திருந்த தீப்பெட்டி

த்ரில்லர் பார்க்கும்போது பக்கத்தில் யாராவது பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, புதுசாக வாங்கிய பெரிய டிவியில் மனைவியோடு ஒரு படம் பார்த்தேன். கதாநாயகி இருட்டறையில் ஒளிந்திருக்கிறாள். வெளியே கொலைகாரனின் காலடிச் சத்தம். அவள் தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை உரசினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, பெட்டிய மூடுட்டி!” என்று திரையிலிருந்த கதாநாயகியைப் பார்த்து என் மனைவி கத்தினாள்.

“பேசாம இருக்கியா? அவன் கதவுகிட்ட வந்துட்டான்.”

“அவன் கெடக்கான். குச்சி மருந்தெல்லாம் வெளிய தெரியுது, தீயப் பக்கத்துல கொண்டு போறாளே!”

கதவு உடைந்தது. நான் அலறியேவிட்டேன். என் மனைவியோ கொலைகாரனைப் பார்க்கவே இல்லை. திரையில் அந்தக் குச்சி அணையும்வரை, இடது மணிக்கட்டிலிருந்த பழைய தீத்தழும்பை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் அவள். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று முன்பொரு நாள் என்னிடம் சொன்னாள். ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கும் நான் டிவிதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.